மூன்று சர்வருக்குக் குபெர்னெட்டிஸ் எதற்கு?

சத்துவாச்சாரி, வேலூர்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பா பத்தாவதில் கணக்கில் 98 வாங்கினாளாமே, சத்தியமாக உன்னிடமிருந்து வந்ததில்லை. இங்கே அக்னி நட்சத்திரம். வேலூர் வெயில் உனக்குத் தெரியாததா, அதை விடு.

மென்பொருளைத் தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலமாக, அதாவது கன்டெய்னராக, சர்வர்களில் ஓடவிட எந்தக் கருவி, குபெர்னெட்டிஸா, ஸ்வார்மா, கமாலா என்று கேட்டிருந்தாய். உங்களிடம் இருப்பது மூன்று சர்வர், பார்த்துக்கொள்ள நீயும் ஒரு பையனும். என்னைக் கேட்டால் குபெர்னெட்டிஸ் இப்போதைக்கு வேண்டாம்.

நிறுவுவது கஷ்டம் என்பதால் சொல்லவில்லை. கே3எஸ் என்ற சிறிய குபெர்னெட்டிஸ் வந்தபின் அது சுலபம்தான். ஒரே பைனரி கோப்பு, ஒற்றை சர்வர் என்றால் நிலவரத்தைச் சேமிக்கும் எட்சிடி டேட்டாபேஸ்கூட இல்லாமல் எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸிலேயே ஓடிவிடும். தொல்லை அப்புறம்தான். வருஷத்துக்கு மூன்று பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதம்தான் ஆதரவு. 2021-ல் 1.22 வந்தபோது வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் இன்கிரஸின் பழைய பீட்டா ஏபிஐயை எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த யாமல் அமைப்புக் கோப்புகளையெல்லாம் திருத்த வேண்டியிருந்தது. இதற்கென்றே ஒரு ஆள் வேண்டும், உன்னிடம் இல்லை.

ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளுக்கு நாங்கள் எழுதிய ஸ்டாக் மென்பொருளுக்குக் கமால்தான். 37சிக்னல்ஸ் என்ற கம்பெனி 2023-ல் வெளியிட்டது. எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக சர்வருக்குப் போய்ப் புது கன்டெய்னரை ஓடவிடும். அது 'நலம்' என்று பதில் சொன்ன பிறகுதான் முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் பிராக்ஸி, ஆட்களை அந்தப் பக்கம் திருப்பும். பதில் வராவிட்டால் பழையதே தொடரும். போன மாதம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் இணைப்பு அறுந்தது. பழைய கன்டெய்னர் அது பாட்டுக்கு ஓடியது, கம்பெனிக்காரர்களுக்கு விஷயமே தெரியாது. மறுபடி ஏற்றப் போனால் 'பூட்டியிருக்கிறது' என்று மறுத்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஏற்றாமலிருக்கக் கமால் சர்வரில் போட்டுவைக்கும் பூட்டு, பாதியில் நின்றதால் அப்படியே இருந்துவிட்டது. 'கமால் லாக் ரிலீஸ்' என்று அடித்தோம், சரியாகிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று நம் பையன்களுக்கே புரிகிறது பார், அதுதான் எனக்குப் பிடித்தது.

ஒரு குறை உண்டு. ஒரு சர்வர் செத்தால் அதிலிருந்த கன்டெய்னரைக் கமால் தானாக வேறிடத்தில் எழுப்பாது. ஸ்வார்ம் எழுப்பும், 2016 முதல் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் மூன்று சர்வரையும் மேனேஜராக, அதாவது முடிவெடுக்கும் சர்வராக வை, ஒன்று போனாலும் தாங்கும். இரண்டு மட்டும் வைத்தால், ஒன்று போனதும் பெரும்பான்மை போய்விடும், கிளஸ்டரில், அதாவது அந்த சர்வர் கூட்டத்தில், எதையும் மாற்ற முடியாது. ராத்திரியிலும் நிற்கக்கூடாத வேலை என்றால் ஸ்வார்ம், கொஞ்ச நேரம் பொறுக்கலாம் என்றால் கமால். எங்கள் தோல் கம்பெனிகள் ராத்திரி எட்டுக்கு மேல் எட்டிப் பார்ப்பதில்லை.

எதை எடுத்தாலும் டேட்டாபேஸைத் தனி மெஷினில் வை. நாளைக்கு ஆள் பெருகிக் குபெர்னெட்டிஸுக்குப் போனாலும் கன்டெய்னரை உருவாக்கும் இமேஜ் அதேதான், உழைப்பு வீண் போகாது.

ஆடிக் கிருத்திகைக்கு வரும்போது லேப்டாப்பை எடுத்து வா. ஒன்றரை ஜிபி இமேஜ் என்று எழுதியிருந்தாயே, அதை உருவாக்கும் டாக்கர்ஃபைலை முதலில் பார்க்க வேண்டும். அம்மா உன்னை விசாரித்தார்கள்.

அன்புடன்,
உன் மச்சான்