பர்சிலா கொண்டுவந்த படுக்கைகள்

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து நேற்றுதான் டாக்டர் படிக்கலாம் என்றார், அதனால்தான் பதில் தாமதம். சபைக் கமிட்டிக்கு உன்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பொறுப்புக்கு வருகிறவன் வேதத்தில் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தாய். நான் தாவீது ராஜாவைத்தான் சொல்வேன், அதுவும் வயசான காலத்துத் தாவீதை.

வேதத்தில் 2 சாமுவேல் 15-லிருந்து 19 வரை எடுத்து மறுபடி படி. பெற்ற மகன் அப்சலோமே ஆட்சியைப் பிடிக்க எழும்பியதால் பயந்து, தலையை மூடிக்கொண்டு வெறுங்காலோடு அழுதுகொண்டே ஒலிவமலை ஏறிப்போன ராஜா, யோர்தானைத் தாண்டி மக்னாயீம் என்ற ஊருக்கு வந்து சேருகிறார். அவர் ஜெயிப்பார் என்று அன்றைக்கு யார் நம்பியிருப்பார்கள்? அந்த நேரத்தில் மூன்று பேர் வருகிறார்கள். அதில் ஒருவர் ரோகிலிம் ஊர்க்காரர் பர்சிலா, வயது 80. என்ன கொண்டுவந்தார்கள் என்று பார், முதலில் படுக்கைகள், அப்புறம் பாத்திரங்கள், கோதுமை, வாற்கோதுமை, மாவு, வறுத்த பயறு, தேன், வெண்ணெய், ஆடுகள். நடந்து களைத்தவனுக்குச் சோற்றுக்கு முன்னால் படுக்க இடம் வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள், பார்த்தாயா! இன்னொருவர் லோதேபார் ஊர் மாகீர். தாவீதின் உயிர் நண்பன் யோனத்தானின் மகன், கால் ஊனமான மேவிபோசேத்தை வீட்டில் வைத்திருந்தவர் இவர்தான். தாவீது அந்தப் பிள்ளையைத் தேடிக் கூப்பிட்டுத் தன் பந்தியில் உட்கார வைத்தது இவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் வந்தார் என்று வேதம் சொல்லவில்லை, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ராஜா ஜெயித்துத் திரும்பும்போது, என்னோடு எருசலேமுக்கு வந்துவிடு, உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பர்சிலாவைக் கூப்பிடுகிறார். அந்தப் பெரியவர், எனக்கு 80 வயசு, சாப்பாட்டு ருசியும் தெரியாது, பாட்டும் காதில் விழாது, அப்பா அம்மா கல்லறைப் பக்கத்திலேயே சாகிறேன், வேண்டுமானால் எனக்குப் பதிலாகக் கிம்காமை (அவர் மகன் என்பார்கள்) அழைத்துப்போங்கள் என்கிறார். தாவீது அவரை வற்புறுத்தவில்லை, முத்தமிட்டு அனுப்புகிறார். அதோடு விட்டுவிடவும் இல்லை. சாகப்போகிற நேரத்தில் மகன் சாலொமோனிடம், பர்சிலாவின் பிள்ளைகள் உன் பந்தியில் சாப்பிடட்டும் என்கிறார். அந்தப் பேச்சில் முன்னால் தன் படைத்தலைவன் யோவாபைக் கொல்லச் சொல்கிறார், பின்னால் தன்னைச் சபித்த சீமேயியை. அது எனக்கு இன்றைக்கும் நெருடுகிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டு பழைய கணக்குக்கும் நடுவில், சாப்பாடு போட்டவரை அவர் மறக்கவில்லையே. ஏறக்குறைய 400 வருஷம் கழித்து எரேமியா புத்தகத்தில், பெத்லெகேம் பக்கத்தில் கிம்காம் பெயரில் ஒரு இடம் வருகிறது. தாவீதின் சொந்த ஊரில்! அந்தக் கிம்காமுக்குக் கொடுத்த நிலமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொய்யாமரத்து வீட்டு அத்தை ஞாபகம்தான். உனக்கும் தெரியும். அப்பாவைச் சபைப் பொறுப்பிலிருந்து நீக்கிய வருஷம், தெருவில் பார்த்தால்கூட ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன காலத்தில், சாயங்காலமானால் தூக்குவாளியில் ரசமும் மேலே தட்டில் சுட்ட அப்பளமும் வைத்து மூடிக்கொண்டு, எல்லாரும் பார்க்க முன்வாசல் வழியாகவே வருவார்கள். நாங்கள் நல்ல நிலைக்கு வந்த பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. போன மாதம் போய், எங்களோடு வந்து இருங்கள் அத்தை என்று கூப்பிட்டேன். "இந்த வாசலை விட்டு எங்கய்யா வருவேன்" என்று சிரித்துவிட்டு எனக்குக் காப்பி போட எழுந்துவிட்டார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

உன் சபையிலும் இப்படி யாராவது இருப்பார்கள். பழைய மினிட்ஸ் புத்தகத்தில் அவர்கள் பெயர் இருக்காது, வயசானவர்களிடம் கேட்டால்தான் தெரியும். முதல் மாதமே போய்க் கேள்.

கிறிஸ்துமஸுக்கு நீ ஊருக்கு வருகிறாய்தானே? இரண்டு பேருமாக அத்தையைப் பார்க்கப் போவோம். முன்வாசல் படி உயரம், அவர்களால் இறங்க முடியவில்லை. கொத்தனாரிடம் சொல்லி ஒரு கைப்பிடி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்