தம்பிக்கு, பாம்பனிலிருந்து அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஏப்ரல் 15-லேர்ந்து விசைப்படகு எல்லாம் கரையில்தான். மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் தொழில் இல்லை. உன் சித்தப்பன் போட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருக்கான். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு.

போன வாரம் டீக்கடையில், எந்த இடத்தில் எந்த வாத்தியம் வாசிக்கணும்னு நீ பிரிச்சு எழுதின பாட்டு ஓடுச்சு. மெட்டுப் போட்டவர் பேர்தான் ஊருக்குத் தெரியும். ஆனா ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி புல்லாங்குழல் மேலே ஏறுறப்ப, வயலினெல்லாம் அடங்கி, செல்லோ மட்டும் கீழே இறங்கிப் போகுதே, அது நீ எழுதினது. கோயில்ல கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நான் ஆர்மோனியம் வாசிக்கிறப்ப, நீ கீபோர்டில் இடது கையால இப்படித்தான் இறக்குவே. "என் மகன் எழுதினது"ன்னு கடைக்காரர்கிட்ட சொன்னேன். அவர் போன்ல தேடிப் பார்த்துட்டு, உன் பேர் இல்லையேன்னார். அம்மாகிட்ட இதைச் சொல்லலை.

பேர் இன்னைக்கு வரும், நாளைக்கு வரும். நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜில் இருமல் கேட்டுச்சே, அது என்ன? அனுப்பின நேரம் ராத்திரி ரெண்டரை மணி. அம்மா அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறா.

ஆர்.கே. சேகரைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? மலையாளப் படங்களில் அடுத்தவங்க மெட்டுக்கெல்லாம் வாத்தியம் பிரிச்சு எழுதி, ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினவர். ஓய்வு ஒழிச்சல் இல்லாத உழைப்பு. 1976-ல் போய்ச் சேர்ந்தப்ப 43 வயசு. அவர் மகன் ஏ.ஆர். ரஹ்மானுக்கு அப்ப ஒன்பது. அப்பா சேர்த்து வச்ச வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நடந்துச்சு. 2009-ல் அந்தப் பிள்ளை ரெண்டு ஆஸ்கர் வாங்கினப்ப, அதைப் பார்க்க சேகர் இல்லையேன்னுதான் எனக்கு இருந்துச்சு. உனக்கும் நாற்பது தாண்டியாச்சு. வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கு.

ஈஸ்டருக்கும் வரலை. வேலைன்னா வேலைன்னு சொல்லு, ஏத்துக்கிறோம். போனை எடுக்காம இருக்கிறது நல்லா இல்லை தம்பி. உன்னைப் போல வாத்தியம் பிரிக்கத் தெரிஞ்சவன் நம்ம கடற்கரையில் வேற யாரு? அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. அதுக்காக ஸ்டுடியோவிலேயே படுத்துக் கிடக்கணுமா?

நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார். ராத்திரி வேலையைக் குறை. 2025-ல் புதுப் பாலம் திறந்ததிலேர்ந்து ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே வருது, மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்கிற அலைச்சல் இல்லை. பிள்ளையையும் கூட்டிட்டு வா. வர்றதுக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு போன் போடு. என்கிட்ட பேசாட்டியும் பரவாயில்லை, அவகிட்ட பேசு. எக்ஸ்ரேயை மறந்திடாதே.

அப்பா