கழிவுநீர்த் தொட்டி பழுதுவேலை: 13ஆம் தேதி

எல்லோருக்கும் வணக்கம்.

நம் வளாகத்துக் கழிவுநீர்த் தொட்டியில் ஏணி, இரும்புத் தடுப்பு, காற்றுக் குழாயின் தாங்கிகள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. தண்ணீருக்குள் இருக்கும் பகுதி பரவாயில்லை. நீர்மட்டத்துக்கு மேலேதான், தட்டினாலே செதில் செதிலாக உதிர்கிறது. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நாற்ற வாயு, ஈரமான இடங்களில் பாக்டீரியாவால் கந்தக அமிலமாக மாறி இரும்பையும் சிமெண்டையும் தின்கிறது. டர்பன் நகரத்துக் கடற்காற்றை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வெள்ளி இரவே முதல் தொட்டி காலியாகும். சனி, ஞாயிறு (13, 14) காலை 8 முதல் மாலை 5 வரை மணல் பீய்ச்சித் துருவை நீக்கி, எபாக்சி என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சு பூசுவார்கள். ஏணி மட்டும் புதிதாக, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். பூச்சு இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை இரண்டாவது தொட்டி ஒன்றுதான் இயங்கும்.

1. அந்த வாரம் வாஷிங் மெஷினைக் குறைத்துப் போடுங்கள்.
2. ப்ராய் (தணலில் சுடும் இறைச்சி) கொழுப்பு, பிரியாணி எண்ணெய் எதையும் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். எப்போதுமே வேண்டாம்தான்!
3. பின்கேட் பக்கம் கார் நிறுத்தாதீர்கள், மணல் தெறிக்கும்.
4. பிள்ளைகளை வேலிப் பக்கம் விடாதீர்கள். தொட்டியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் இல்லையே என்று நம்பக் கூடாது.

படித்தவர்கள் வியாழன் இரவுக்குள் வீட்டு எண்ணோடு ‘சரி’ என்று போடுங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.