61வது நாள் மனு போட்டாங்களான்னு எண்ணுங்க: தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆணைக்குழு பெரியவங்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகன் ஒரு செல்போன் திருட்டு கேஸ்ல ரிமாண்ட் ஆனான். அக்கா வீட்டு வேலைக்குப் போறவ, வக்கீல் வைக்க காசுக்கு எங்க போவா. ஜெயில்ல இருக்கிற யாரா இருந்தாலும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டுன்னு 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தோட 12வது பிரிவு சொல்லுதுல்ல, அது மாதிரி இவனுக்கும் ஒருத்தர குடுத்தாங்க. ஆனா வெறும் காகிதத்துல மட்டும்தான்.

இந்த மாதிரி கேஸ்ல 60 நாளுக்குள்ள போலீஸ் சார்ஜ்ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை, போடணும். 60 நாள் முடிஞ்சும் போடல. 61வது நாள் ஒரு ஜாமீன் மனு போட்டிருந்தா ஜாமீன் அவனோட உரிமை, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. யாரும் போடல. 68வது நாள் சார்ஜ்ஷீட் வந்துடுச்சு, அந்த உரிமை போயே போச்சு, அப்புறம் அவன் வெளிய வர இன்னும் நாலு மாசம். அக்கா வாராவாரம் ஜெயிலுக்கு அவனப் பாக்கப் போவா, "உன் வக்கீல் பேரு என்னடா"ன்னு கேட்டா அவனுக்கே தெரியல. வாய்தா அன்னிக்கு வீடியோவுல முகத்த காட்டுவானாம், அடுத்த தேதிய சொல்லுவாங்களாம், அவ்வளவுதான். ரிமாண்ட நீட்டுறதுக்கு முன்னாடி உனக்கு ஜாமீன் உரிமை இருக்குன்னு மாஜிஸ்திரேட் எடுத்துச் சொல்லணும்னு 1979லயே ஹுசைனாரா காதூன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. அதையும் யாரும் சொல்லல.

உங்க கணக்குல இவன் சட்ட உதவி கிடைச்சவன். அதத்தான் என்னால தாங்க முடியல.

2022 சிறைப் புள்ளிவிவரத்துல 5,73,220 பேர் ஜெயிலுக்குள்ள இருந்தாங்க, அதுல 4,34,302 பேர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிங்க. அவங்க சாதி, மதம், படிப்பு எல்லாம் எண்ணியிருக்கு. வக்கீல் மனு போடாததால எத்தனை பேர் உள்ளயே கிடந்தாங்கன்னு எண்ணல. லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம், நடந்தா எத்தனை லட்சம் கேஸ் முடிஞ்சதுன்னு உடனே சொல்றீங்க, அப்போ எண்ண ஆள் இருக்குல்ல, இதுக்கு மட்டும் ஏன் இல்ல?

நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமா எண்ணுங்க. இலவச வக்கீல் எத்தனாவது நாள் வந்து நேர்ல பாத்தாரு, 61வது நாளோ, 90 நாள் கெடு உள்ள பெரிய கேஸ்னா 91வது நாளோ மனு போட்டாரா, ஜாமீன் கிடைச்சும் ஜாமீன்தாரர் இல்லாம எத்தனை பேர் இருக்காங்க. ஓடியாடி வேலை பாக்குற சட்ட உதவி வக்கீலுங்களும் இருக்காங்க, தலைக்கு மேல கேஸ வச்சுக்கிட்டு கஷ்டப்படுறாங்க, அவங்க நிலைமையும் இந்த கணக்கு இருந்தாத்தான் வெளிய தெரியும்.

கோவத்துல ஏதாவது கூட பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. அடுத்த வருஷ அறிக்கையில இந்த எண்ணிக்கைய தயவு செஞ்சு சேருங்க. நீங்க பதில் போட்டா அக்காவுக்கு நானே படிச்சுக் காட்டுறேன்.