மேலிருந்து பார்த்தால் தலைகள் மட்டுமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் எதிர்ப்பு இயக்கங்களைப் பற்றிய ஆவணப்படங்கள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கட்டுரையாளர் பேரணிக் காட்சிகளிலேயே லயித்துவிட்டார். எனக்கு மனத்தாங்கல் அங்கேதான்.

2003 பிப்ரவரி 15-ஐ எடுத்துக்கொள்வோம். இராக் மீது போர் வேண்டாம் என்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் ஒரே நாளில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். உயரத்திலிருந்து எடுத்த அந்த ஜனக்கடலைக் காட்டினால் யாருக்கும் சிலிர்க்கும். சரி, அப்புறம்? ஐந்து வாரத்துக்குள் போர் தொடங்கிவிட்டது. கூட்டத்தை மட்டும் நம்பி எடுத்த படம் இந்த இடத்தில் முட்டி நின்றுவிடும். 'இத்தனை பேர் வந்தும் ஒன்றும் நடக்கவில்லையே' என்ற சலிப்போடு நாமும் எழுந்து போக வேண்டியதுதான்.

கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன 'விண்டர் சோல்ஜர்' படத்தில் கூட்டமே கிடையாது. 1971 ஜனவரி 31 முதல் மூன்று நாள், டெட்ராய்ட் நகரில், வியட்நாமிலிருந்து திரும்பிய நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் தாங்கள் செய்ததையும் கண்டதையும் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து சொன்னார்கள். பெரிய பத்திரிகைகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒரு திரைக்குழு கூட்டாக எடுத்த அந்தப் படம் 1972-ல் வந்தது. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. தாடியும் நீள முடியுமாக இளைஞர்கள், பையன்கள் என்றே சொல்லலாம். பேசுபவர் தடுமாறினாலும் கேமரா அவர் முகத்தை விட்டு அகலுவதில்லை. உருக்கமான பின்னணி இசையைப் போட்டு நம்மை அழவைக்கவும் பார்ப்பதில்லை. போரை உள்ளிருந்து பார்த்தவனே 'வேண்டாம்' என்று சொல்லும்போது வேறு சாட்சி எதற்கு?

இன்னொன்று, 'கேரி கிரீன்ஹாம் ஹோம்' (1983). இங்கிலாந்தில் அணு ஏவுகணைகள் வரவிருந்த விமானத் தளத்தின் வேலியோரம் பெண்கள் 1981-லிருந்து முகாமிட்டிருந்தார்கள். பீபன் கிட்ரன், அமாண்டா ரிச்சர்ட்சன் என்ற இரண்டு திரைப்பட மாணவிகள் அந்தப் பெண்களோடேயே மாதக்கணக்கில் தங்கிப் படமெடுத்தார்கள். சேறு, பாட்டு, போலீஸ் இழுத்துப்போவது, மறுபடியும் வந்து உட்காருவது. காலையில் வந்து பேட்டி எடுத்துக்கொண்டு மாலையில் கிளம்புகிற குழுவுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

கடைசியாக ஒன்று. போக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் இங்கே எழுந்த எதிர்ப்பைப் பதிவுசெய்த ஆனந்த் பட்வர்தனின் 'ஜங் ஔர் அமன்' கட்டுரையில் இல்லவே இல்லை. தணிக்கை வாரியம் வெட்டச் சொன்னதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், 2003-ல் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதி வாங்கிய படம் அது. அடுத்த இதழிலாவது அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்