கூலர் கேட்ட செந்திலுக்கு

கிருஷ்ணகிரி

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தர்மபுரியிலேயே சீட் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மாம்பழ சீசன் முடியப்போகிறது, இனி நீலம் மட்டும்தான்.

எடிட்டிங் கம்ப்யூட்டரின் பிராசஸரை ஆற்ற எந்தக் கூலர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். தம்பி கடையிலிருந்து, உலோகத் தகடு அடுக்கு ஒன்று மட்டும் உள்ள ஒற்றை டவர் ஒன்று, அடுக்கு இரண்டு உள்ள இரட்டை டவர் ஒன்று கொண்டுவந்து மாட்டிப் பார்த்தேன்.

ரிவ்யூவில் பிராசஸர் சூடு 75 டிகிரி என்று போட்டிருந்தால், அறை எத்தனை டிகிரி என்று முதலில் பார். காற்றில் ஆறும் எந்தக் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. 22 டிகிரி ஏசி அறையில் 75 என்றால் வித்தியாசம் 53. சித்திரையில் உன் மாடி அறை 37-க்குப் போனால் அதே கூலரில் பிராசஸர் 90-ஐத் தொடும்.

2022-ல் வந்த ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசஸர்களோ 95 வரை தாமாகவே ஏறி நிற்கும். நல்ல கூலருக்கும் 95, சுமாரானதற்கும் 95, பிராசஸரின் வேகம்தான் மாறும். அதனால் பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங்கில், பிராசஸர் இழுக்கும் வாட்டைக் கட்டிவைத்து, பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை அரைமணி நேரம் ஓடவிட்டுத்தான் எண்ணைக் குறித்தேன். முதல் ஐந்து நிமிடம் எல்லாக் கூலரும் நல்ல பிள்ளைதான்.

சத்தத்தை அளப்பதுதான் பெரும்பாடு. சீலிங் ஃபேனை நிறுத்தினால் பெங்களூர் ரோட்டு லாரிகளின் ஹாரன். நடுராத்திரியிலும் ஓயவில்லை. அறையே இரைச்சலாக இருந்தால் மெல்லிய ஃபேன் சத்தம் மீட்டரில் ஏறாது. போன் ஆப் காட்டும் டெசிபல் துல்லியம் இல்லை, ஆனால் இரண்டையும் ஒப்பிடப் போதும். தூரம் மட்டும் மாறக்கூடாது. திறந்தவெளியில் பாதித் தூரத்துக்கு வந்தாலே 6 டெசிபல் கூடிவிடும். ஸ்கேல் வைத்து அளந்துதான் போனை நிறுத்தினேன்.

ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது இரண்டுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபேன்களைக் குறைத்து, சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி வைத்தபோதுதான் இரட்டை டவர் முந்தியது. ஃபேன் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும், சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 இறங்கினாலே காதுக்குப் பாதியாகத் தெரியும். பெரிய கூலருக்குக் காசு கொடுப்பதே, ஃபேனை மெதுவாக ஓட்டத்தான். ஒற்றை டவர் நடுவேகத்தில் ஒரு ரீங்காரம் போட்டது. மீட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை, என் மனைவி பக்கத்து அறையிலிருந்தே கேட்டுவிட்டாள்.

நீ ராத்திரியெல்லாம் ஹெட்போன் இல்லாமல் ஆடியோ வெட்டுகிறவன், உனக்கு இரட்டை டவர்தான். சுமார் 16 சென்டிமீட்டர் உயரம். உன் கேபினட்டில் மதர்போர்டிலிருந்து பக்கக் கதவுவரை அளந்து எழுது. இடம் இருந்தால் தம்பியிடம் சொல்லி ஒன்று எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
குமார்