குடோனுக்குப் போன ஸ்டூல்களைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஜவுளிக்கடை நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் நம் கடையில் மருத்துவ முகாம் நடத்தினீர்கள். அதற்கு முதலில் நன்றி. வந்த டாக்டரம்மா பிரஷர், சுகர் பார்த்ததோடு விடாமல் எங்கள் கால்களையும் பார்த்தார். சேலைப் பிரிவில் பாதிப் பேருக்கு மேல் கணுக்காலில் வீக்கம். விரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறது. நடுநடுவே உட்கார வேண்டும் என்று அவர் சொன்னபோது மேனேஜர் சாரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அடுத்த வாரமே கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஸ்டூல்கள் குடோனுக்குப் போய்விட்டன. தீபாவளி ஸ்டாக் வைக்க இடம் வேண்டுமாம்.

அந்த ஸ்டூல்கள் எங்களுக்குத் திரும்ப வேண்டும்.

காலுக்கு இறங்கும் ரத்தத்தை மேலே ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. ரத்தம் கீழே தேங்கி, நீர் கசிந்து, கால் வீங்குகிறது. வருடக்கணக்கில் நின்றால் ரத்தக்குழாய் வால்வுகள் தளர்ந்து நரம்பு சுருட்டிக்கொள்கிறது. எங்களில் மூத்தவர்கள் பலருக்கு அது வந்தாகிவிட்டது. யூனிஃபார்ம் சேலை மறைத்துவிடுவதால் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

கடைக்குள் செருப்பு போடக் கூடாது என்பதால் நாள் முழுக்க வெறுங்கால், கீழே கிரானைட். இரவு கடை மூடி வெளியே வந்தால், காலையில் போட்டு வந்த செருப்பு காலில் ஏறாது. கையில் எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடக்கிறவர்கள் உண்டு. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் உயிர் போகும். எங்கள் அறையில் ஒருத்தி மாடிப்படியை உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்குகிறாள். அவளுக்கு இன்னும் இருபத்தைந்து ஆகவில்லை. கீழே வந்ததும் பவுடர் போட்டு, பூ வைத்து, சிரித்த முகமாகக் கவுண்டரில் நிற்பாள். பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வைத்தியம் தெரியாமல் இல்லை. ராத்திரி வரிசையாகப் படுத்து எல்லோரும் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்கிறோம். இதயத்தைவிடக் கால் உயரத்தில் இருந்தால் வீக்கம் வடியும் என்று டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். அளவெடுத்து வாங்கிய இறுக்கமான காலுறையை, காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன்பே போடச் சொன்னார். ஒருத்தி போட்டு வந்தாள். யூனிஃபார்மில் அது கிடையாது என்று சூப்பர்வைசர் கழற்ற வைத்தார். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் டாக்டரம்மா சொன்னார். "கஸ்டமர் இருக்கும்போது எப்படி மேடம் போறது?" என்று ஒரு பெண் கேட்டாள். டாக்டரம்மா பதில் சொல்லாமல் மேனேஜர் சாரைப் பார்த்தார்.

2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது உங்களுக்குத் தெரியாததல்ல. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது. நம் கடையிலும் ஸ்டூல் வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் கூப்பிடுகிறீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும், "உட்காரும்மா, உட்காரும்மா" என்று உபசாரம். கஸ்டமர் முன்னால் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்பது உங்கள் வாதம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மாடியில் ஈ காக்கை இருக்காது. அப்போது யாருக்கு மரியாதை செய்கிறோம், பொம்மைகளுக்கா? பொம்மைகளுக்காவது நிற்க ஸ்டாண்டு இருக்கிறது.

பாத்ரூம் போக டோக்கன், பத்து நிமிடம் தாண்டினால் சம்பளப் பிடித்தம். அதற்குப் பயந்தே பலர் தண்ணீர் குடிப்பதில்லை. அதைப் பேசத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது. சரி, அது இன்னொரு நாள்.

இப்போது கேட்பது இதுதான். தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன் ஸ்டூல்களைக் கவுண்டருக்குப் பின்னால் திரும்பப் போடச் சொல்லுங்கள். கஸ்டமர் இல்லாதபோது உட்காரலாம் என்பதைச் சூப்பர்வைசர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தை என்றால் மாடிக்கு மாடி மாறிவிடுகிறது. காலுறை போட அனுமதியுங்கள். நிற்கும் இடத்தில் ரப்பர் மேட் விரித்தால் இன்னும் நல்லது. கஸ்டமர் வந்ததும் நாங்களே எழுந்துவிடுவோம், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தயவுசெய்து இந்த வாரத்துக்குள் ஒரு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேலைப் பிரிவு ஊழியர்கள்